ஆடையும் மானமும்

வைசாகப் பௌர்ணமிக்கு இன்னும் ஒரு திங்களே இருக்கிறது. நம் இல்லங்களில் பௌர்ணமிப் பேச்சும் தொடங்கிவிட்டது. ஆனால் அப்பேச்சு திரிசரணத்தைப் பற்றியதன்று. பெரும்பாலும் துணியைப் பற்றியது. யாருக்கு எந்த நிறம், எந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி, சென்ற ஆண்டு உடுத்தியதை இவ்வாண்டும் உடுத்தினால் பார்ப்பவர் என்ன நினைப்பர் என்பன போன்ற ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. ஆதலின் இம்மாதத் தம்ம உரைக்கு ஆடையையே பொருளாகக் கொண்டோம். இது அற்ப விஷயம் என்று அன்பர்கள் நகைக்க வேண்டா. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் எட்டாம் பகுதி முழுவதும் சீவரத்தைப் பற்றியதே. மனிதனுடைய மனம் எங்கெங்கே சிக்கும் என்பதைப் பகவான் புத்தர் நன்கு அறிந்திருந்தார்.

ஒரு புடவையை வாங்குவதற்கு ஒரு குடும்பம் படும் பாட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பின், நம்மவருள் பலர் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து இரவில் வீடு திரும்புகின்றனர். ஆறு நாள் அவ்வாறு அலைந்தவர் ஓய்வு கொள்ள வேண்டிய ஞாயிற்றுக்கிழமையன்று மனைவி மக்களோடு மீண்டும் அதே ரயிலில் ஏறுகிறார். சிக்பேட்டைச் சந்துகளில் நடை தொடங்குகிறது. முதற்கடையில் சிப்பந்தி முகம் கோணாமல் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போடுகிறார். நிறம் பிடித்தால் கரை பிடிக்கவில்லை. கரை பிடித்தால் விலை பிடிக்கவில்லை. "இன்னும் நாலு கடை பார்த்துவிட்டு வருகிறோம்" என்று எழுகின்றனர். பொழுது சாயும் வேளையில் முதற்கடைக்கே திரும்பி, முதலில் தள்ளிய புடவையையே வாங்கிக்கொண்டு வருவதும் உண்டு. அத்துடன் முடிந்ததா? ரவிக்கைத் துணிக்குத் தனித் தேடல். தையற்காரரிடம் மூன்று நடை. இவ்வளவுக்கும் பின் அண்டை வீட்டார் வாங்கி வந்ததைக் கண்டதும், "அதையே வாங்கியிருக்கலாம்" என்ற துன்பம் வேறு.

நம் இளைஞர்களுக்குக் கால் நோவதில்லை. அவர்கள் கைப்பேசியில் நள்ளிரவு வரை சட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கின்றனர், ஒன்றை வரவழைக்கின்றனர், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புகின்றனர், மீண்டும் தேடுகின்றனர். கடைக்காரராவது இரவில் கதவைச் சாத்துவார்; இந்தக் கடைக்குக் கதவே இல்லை. காலையில் பத்து நிமிடம் அமர்ந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னால் நேரமில்லை என்று விடை கூறுகின்றவர்கள் இவர்களே.

இவ்வாறு கூறுவதால், நம் மக்கள் கந்தலை உடுத்த வேண்டும் என்று நாம் போதிக்க வந்ததாக எவரும் கொள்ளலாகாது. "உங்களுக்கு எதற்கு நல்ல துணி?" என்னும் கேள்வியை நம் முன்னோர் வேறு வாய்களிலிருந்து கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள். இராமநாதபுரம் பகுதியில் 1930-ஆம் ஆண்டு டிசம்பரில், தம்மை உயர்ந்தோராகக் கருதிய சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியலாகாது; சட்டையும் பனியனும் கூடா; பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேனியை மறைக்கலாகாது; குடையும் செருப்பும் ஆகா. இத்தடைகளை ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அதற்கு முன்னர்த் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் நெடுங்காலம் போராடி, 1859-ஆம் ஆண்டு மேலாடை அணியும் உரிமையைப் பெற்றனர். அப்போதுங்கூட உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்றே அரசாணை கூறியது. ஒரு முழத் துணிக்காக மனிதர் அடிபட்ட நாடு இது.

ஆகவேதான் அண்ணல் அம்பேத்கர் 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் மகாத்தில் பெண்களைப் பார்த்துப் பேசியபோது, ஆடையைப் பற்றியே விரிவாகப் பேசினார். தாழ்ந்தவர் என்று பிறர் அடையாளம் காண்பதற்கு ஏதுவான உடுத்தும் முறையை விடுமாறும், கனத்த வெள்ளி அணிகளைக் கழற்றுமாறும் கூறினார். ஆடை ஒட்டுப் போட்டதாயினும் குற்றமில்லை, தூய்மையாய் இருத்தல் வேண்டும் என்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை பெறத் திரண்ட மக்கள் வெண்ணிற ஆடையில் வந்தனர். அவ்வெள்ளைத் துணியில் செல்வனும் ஏழையும் யார் எனக் கண்டறிய வழியில்லை என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

தமிழில் மானம் என்றால் பெருமை குலையாத நிலை. "மானத்தை மறைக்கத் துணி" என்று நம் பாட்டிமார் கூறுவர். பாலி மொழியிலும் மானம் என்ற சொல் உண்டு. அதன் பொருளோ வேறு. நான் அவனைவிட மேலானவன் என்று எண்ணுவது மானம். நான் அவனுக்குச் சமமானவன் என்று அளந்து பார்ப்பது மானம். நான் அவனைவிடத் தாழ்ந்தவன் என்று குன்றுவதும் மானமே. அரகத நிலை எய்தும்வரை அறுபடாத தளைகளுள் இதனையும் ஒன்றாகப் பௌத்தம் எண்ணுகிறது. தமிழ் மானத்தைக் காப்பதற்கு ஆடை வேண்டும். அதற்காக நம் முன்னோர் போராடியது நேர்மையே. அதே ஆடை பாலி மானத்திற்குத் தீனியாகும்போதுதான் கேடு விளைகிறது. இரண்டு மானங்களும் ஒரே கடையில், ஒரே புடவையில் அருகருகே இருக்கின்றன. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதை வாங்குகின்றவர்தாம் அறிய முடியும்.

கேடு என்று ஏன் கூறினோம்? பௌர்ணமியன்று மண்டபத்திற்கு வாராத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காரணம் வினவினால் உடல்நலம் இல்லை, ஊரில் வேலை என்பர். உண்மைக் காரணத்தை ஒரு தாய் நம்மிடம் மெல்லிய குரலில் கூறினார்: "எல்லாப் பிள்ளைகளும் புதுசு உடுத்தி வருவார்கள் ஐயா, என் பிள்ளைகள் ஓரமாய் நிற்பார்கள். அதைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்றுதான் வரவில்லை." அன்பர்களே, இதனை நிதானமாகச் சிந்தியுங்கள். துணியின் பேரால் நம்மைக் கோயில் வாயிலிலும் தெருவிலும் பிறர் நிறுத்தினர். இன்று நம் மண்டபத்தின் வாயிலில், காவலர் எவருமின்றி, நம் துணியே நம் ஏழைகளை நிறுத்துகிறது. தடை விதித்தவர் யார் என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. புத்தாடைக்காகச் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே தள்ளி எடுப்பவரையும், வட்டிக்கு வாங்கிவிட்டு அடுத்த வைசாகம் வரை கட்டுகின்றவரையும் நாம் அறிவோம். தீபாவளியை விட்டோம் என்று பெருமையாய்ச் சொல்கிறோம். தீபாவளிக் கடனை வைசாகத்திற்கு மாற்றிக்கொண்டோம், அவ்வளவே.

துணியைக் கையில் எடுக்கும்போது நிகழ்வது என்ன? கண்ணும் நிறமும் சந்திக்கின்றன, அது பஸ்ஸம். இன்பமாய் இருக்கிறது, அது வேதனா. வேண்டும் என்கிறது மனம், அது தண்ஹா. இதை விட்டுப் போக முடியாது என்று பற்றுகிறது, அது உபாதானம். சார்பில் தோற்றத்தின் நான்கு கண்ணிகளையும் துணிக்கடையின் மெத்தையிலேயே உட்கார்ந்து கண்டுகொள்ளலாம். வேதனாவுக்கும் தண்ஹாவுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. குளிரையும் வெயிலையும் கொசுக்கடியையும் தடுத்து, நாணத்தைக் காப்பதற்கே இவ்வாடை என்று ஒவ்வொரு முறையும் சிந்தித்து உடுத்துமாறு பிக்குகளுக்குப் பகவான் விதித்தது அந்த இடைவெளியில் நிற்பதற்காகத்தான்.

தம்மபத அட்டகதையில் திஸ்ஸ தேரர் கதை வருகிறது. அவருக்கு எட்டு முழமுள்ள முரட்டுத் துணி ஒன்று கிடைத்தது. அதனைத் தம் தமக்கையிடம் கொடுத்து வைத்தார். இத்துணி என் தம்பிக்குத் தகாது என்று எண்ணிய அவள், அதை வெட்டி, உரலிலிட்டு இடித்து, பஞ்சாக்கி, மெல்லிய நூலாக நூற்று, மீண்டும் நெய்வித்தாள். ஒன்பது முழ நேர்த்தியான துணியாயிற்று. தேரர் கண்டதும், "இது என்னுடையதன்று; என்னுடையது முரடு" என்று மறுத்தார். அந்த மறுப்பு எவ்வளவு தூய்மையானது! தமக்கை நடந்ததை விளக்கினாள். தேரர் பெற்றுக்கொண்டார். சீவரம் தைத்து முடிந்தது. "நாளை உடுத்துவோம்" என்று ஆசையோடு மடித்துக் கொடியில் போட்டார். அன்றிரவே உண்டது செரியாமல் உயிர் நீத்தார். அந்த ஆசையினால் அச்சீவரத்திலேயே ஒரு பேனாய்ப் பிறந்தார். பிக்குகள் சீவரத்தைப் பங்கிட எடுத்தபோது, "என் உடைமையைக் கொள்ளையடிக்கிறார்களே!" என்று அப்பேன் இங்கும் அங்கும் ஓடி அலறிற்று. அக்கூக்குரல் பகவானுடைய செவிக்கு மட்டுமே கேட்டது. ஏழு நாள் பொறுத்துப் பங்கிடுமாறு ஆனந்தர் வழியாக அவர் சொல்லி அனுப்பினார். இரும்பில் பிறந்த துரு அவ்விரும்பையே தின்னும் என்ற உவமை அந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்ததே. இக்கதையைக் கேட்டுப் பேனைப் பார்த்துச் சிரிப்பவர் சிரிக்கட்டும். தமக்கையை நாம் குறை கூறமாட்டோம். அவள் உழைப்பு அன்பினால் விளைந்தது. உடுத்தாத ஒரு துணியின்மேல் ஓர் இரவில் படிந்த ஆசையே கதையின் பொருள்.

பட்டைப் பற்றியும் ஒரு சொல். விநயம் பிக்குகளுக்கு அனுமதித்த ஆறு வகைத் துணிகளில் பட்டும் ஒன்று. ஆகவே பட்டு உடுத்தியவரெல்லாம் சீலம் கெட்டவர் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் ஆளவி நகரில் நிகழ்ந்ததை அறிந்து வையுங்கள். சில பிக்குகள் அங்குள்ள பட்டு நெசவாளரிடம் சென்று, எங்களுக்காகவும் நிறையக் கூடுகளை வேகவைத்துப் பட்டுத் தாருங்கள் என்று கேட்டனர். வயிற்றுப் பிழைப்புக்காக இத்தனை உயிர்களைக் கொல்ல நேர்ந்ததே எங்கள் தீவினை, துறவிகளாகிய நீங்களுமா என்று அந்நெசவாளர் மனம் நொந்தனர். பகவான் பிக்குகளைக் கடிந்து, பட்டுக் கலந்து விரிப்புச் செய்வித்தலை விலக்கினார். வாங்க வந்தவரைவிட விற்கின்றவரே முதற்சீலத்தை நன்கு உணர்ந்திருந்தனர்! நமக்கு அண்மையிலுள்ள இராமநகரத்துச் சந்தையில் குவிந்து கிடக்கும் கூடுகளை நம்மில் பலர் கண்டிருப்போம். பூச்சி வெளிவந்தால் இழை அறும் என்பதனால் உள்ளிருக்கும் உயிரை வெப்பத்தில் கொன்ற பின்னரே நூல் எடுக்கின்றனர். ஒரு முகூர்த்தப் புடவைக்கு அவ்வாறு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். வெள்ளை நூலாடையில் நடைபெறும் நம் திருமணங்களில் முகூர்த்தப் பட்டு எதற்காக நுழைந்தது என்று பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் கூடிப் பேசலாம்.

கோசாம்பி நகரத்து உதேனன், நம் பெருங்கதை உதயணன் என்று கூறும் அரசன். அவனுடைய அந்தப்புரத்து மகளிர் ஆனந்த தேரரின் உபதேசத்தைக் கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு மேலாடைகளை அவருக்குத் தானம் செய்தனர். அரசனுக்குச் சினம் மூண்டது. "இந்தத் துறவி துணிக்கடை வைக்கப் போகிறாரா?" என்று கேட்டு, நேரே தேரரிடம் சென்று, இத்தனை ஆடைகளை வைத்து என்ன செய்வீர் என்று வினவினான். சீவரம் நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்பேன் என்றார் தேரர். அவர்களுடைய பழைய சீவரங்கள்? படுக்கையின் மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு? மெத்தையின் உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும், அது கால்மிதியாகும், அது தூசி துடைக்கும் துணியாகும். அதுவும் கிழிந்தால் நறுக்கிச் சேற்றில் பிசைந்து தரை மெழுகுவோம் என்றார். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அவருக்கு வழங்கினான்.

பௌர்ணமிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் நம் சங்க மண்டபம் திறந்திருக்கும். ஒவ்வொரு வீட்டாரும் பெட்டியில் உறங்கும் வெள்ளை ஆடை ஒன்றேனும், சிறுவர் உடையாயின் மிகவும் நன்று, கொண்டுவர வேண்டுகிறோம். துவைத்து மடித்துக் கொண்டு வருக. கொடுப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படமாட்டா. பௌர்ணமியன்று அனைவரும் வெள்ளையில் வருக. பழையதாயினும் சரி, ஒட்டுப் போட்டதாயினும் சரி.