விளையாட்டும் விரதமும்

கல்லூரி வளாகத்தில் பெருஞ்செலவில் விளையாட்டரங்கம் கட்டும்போது, உடல்நலம், ஒழுக்கம், பதக்கம் என்றுதான் அதற்குக் காரணம் சொல்கிறார்கள். மூன்றுமே விளையாட்டை வேறொன்றின் ஏவலாளாக்கிவிடுகின்றன. ஆன்மிக நாட்டம் உள்ளவர்களோ, உடலைச் சுற்றியே நடக்கும் காரியம் இது, மனத்தை வெளியே இழுத்துக்கொண்டு போகும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு தரப்பினருமே ஆட்டத்துக்குள் நடப்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். மனிதன் தானே விரும்பித் தனக்கு வரம்பு கட்டிக்கொள்கிற செயல் விளையாட்டு. அந்த வகையில் அது விரதத்துக்கு நெருங்கிய உறவு.

கூடைப்பந்து பிறந்த விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கினார். அவர் மான்ட்ரியாலில் இறையியல் படித்தவர். குளிர்காலத்தில் கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த 18 மாணவர்களுக்கு, முட்டி மோதிக் காயப்படாத ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று விதித்தார். ஓடாதவனை மறித்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பீச் பழக் கூடைகளை வாய் மேல்நோக்கி இருக்கும்படி, 10 அடி உயரத்தில், மாடத்தின் கம்பியோரம் ஆணியடித்து வைத்தார். அந்தக் கூடையில் பந்து விழ, அது வளைந்து எழும்பி மேலிருந்து இறங்க வேண்டும். பலங்கொண்ட மட்டும் வீசினால் ஆகாது. அவர் எழுதிய 13 விதிகளில் உபதேசம் ஏதுமில்லை. ஆனாலும் முரட்டுத்தனத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. பந்தைக் கூடையில் போடுவது மட்டுமே நோக்கம் என்றால் ஏணி வைத்து ஏறிப் போட்டுவிடலாமே! ஆட்டக்காரர் அந்தச் சுலப வழியை வேண்டாம் என்கிறார். ஏகாதசியன்று பட்டினி இருப்பவர் வீட்டிலும் அடுக்களையில் அரிசி இருக்கத்தான் செய்கிறது.

விரதம் இறைவனை நோக்கியது, ஆட்டம் யாரை நோக்கியது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எதுவும் தேவைப்படாத பரம்பொருள் ஏன் உலகைப் படைக்க வேண்டும் என்ற ஐயத்துக்கு, படைப்பு வெறும் லீலை என்பது பிரம்மசூத்திரத்தின் விடை. சைவமோ ஐந்தொழிலையும் கூத்தாகவே காண்கிறது. பயன் கருதாத ஆடலை இறைவனுக்கே உரியதாகப் போற்றும் மரபு, மனிதர் அப்படி ஆடும்போது மட்டும் வீண்பொழுது என்று எப்படித் தள்ள முடியும்? ஆடுகிற எல்லோரும் பக்தர்கள் என்று நான் சொல்லவில்லை. பயனை மறந்து ஒரு வரம்புக்குள் முழுமையாக ஈடுபடும் பழக்கம் அங்கே கைகூடுகிறது என்கிறேன்.

போட்டி அகந்தையை வளர்க்கிறதே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஊக்கமருந்து வரை போகும் வெறியை யாரும் மறைக்க முடியாது. ஆனால் ஊர் மெச்ச விரதம் இருப்பவர்களும் உண்டு. அதற்காக விரதத்தையே யாரும் பழிப்பதில்லை. வெற்றிக்கு நாம் வைக்கும் விலைதான் இரண்டையும் கெடுக்கிறது. நெய்ஸ்மித் 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் பயிற்றுவித்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. அந்த வளாகத்து ஆடுகளம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆகவே, ஒரு கல்லூரி அரங்கத்தை மதிப்பிட, கண்ணாடிப் பேழையிலுள்ள கோப்பைகளை எண்ணுவதைவிட, அணியில் இடம் கிடைக்காத மாணவிக்கும் மாலையில் அதன் கதவு திறக்கிறதா, பந்து தருகிறார்களா என்று விசாரிப்பதே சரியென்பேன்.