பிள்ளை போடாத கையெழுத்து

கேரளத்தின் அம்பூரி மலைச்சரிவுகளில் பல குடும்பங்களின் பிழைப்பு ரப்பரை நம்பியே நடக்கிறது. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்ற ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தொட்டது. அடைமழையில் பால்வெட்டு நிற்கும். இலையுதிரும் மாதங்களில் மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வரவு இப்படி ஏறி இறங்கும் மண்ணில், மணமுறிவின்போது பிள்ளைக்காக எழுதிய தொகை மட்டும் மாறாமல் இருக்க வேண்டுமா? பேசி முடித்ததை மறுபடி திறப்பது அறமா?

திறக்கக் கூடாது என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கொடுத்த வாக்குக்கு மதிப்பு வேண்டும். இருந்த நிலத்தை விற்று மொத்தத் தொகை கொடுத்துவிட்டு, வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டவரிடம் பத்தாண்டு கழித்து மறுபடி கேட்டால் அவர் நிலைகுலைந்து போவார். எந்த உடன்பாடும் நிலைக்காது என்றால் யாரும் பேசித் தீர்க்க வரமாட்டார்கள். ஆறிய பகையும் மனுவாக உருவெடுக்கும்.

ஆனால் அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பேர்தான், பிள்ளை இல்லை. வழக்கு முடிந்தால் போதும் என்ற தவிப்பில், பிள்ளைக்கும் ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் தாய்மார் உண்டு. தனக்குரியதை அவர் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைக்குரியது அவருடையது அல்லவே! நீதிமன்றங்களும் இதையே சொல்லிவருகின்றன. கிறிஸ்தவத் தந்தைக்கும் பிள்ளையைக் காக்கும் கடமை உண்டு என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2003-இல் தீர்ப்பளித்தது. இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒப்பந்தத்தால் முடிவான பராமரிப்புத் தொகையையும் சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த, மதம் பாராமல் எல்லோருக்கும் பொதுவான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவும், நீதிமன்றம் ஆணையிட்ட மாதத் தொகையைச் சூழ்நிலை மாறினால் மாற்ற வழி திறந்து வைத்திருக்கிறது.

மாறாத தொகை என்ன செய்யும் என்பதை நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மாதப் பராமரிப்புக்கு வைத்திருந்த 500 ரூபாய் உச்சவரம்பு 2001 வரை நீடித்தது. விலைவாசி எங்கோ போன பிறகும் சட்டம் அங்கேயே நின்றது. ஒன்றாம் வகுப்பில் குறித்த தொகை பிளஸ் டூ மாணவிக்குப் போதாது என்பதும் அதே கணக்குத்தான்.

மாற்றம் என்றால் ஏற்றம் மட்டும் அல்ல. கைமுறிந்து வெட்டுக்குப் போக முடியாத தந்தையைப் பழைய தொகையால் நெருக்குவதும் அநீதியே. அவரும் குறைக்கக் கேட்கலாம். தாய் சம்பாதித்தால் பிள்ளையின் படிப்புச் செலவை இருவரும் வருமானத்துக்கேற்பப் பகிர வேண்டும். முன்பு கொடுத்த மொத்தத் தொகையில் பிள்ளைக்கென ஒதுக்கிய பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை நேர்மை. இரு தரப்பும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4-இல் கட்டளையிட்டது. விலை ஏறியதை மறைக்கும் தந்தையும், வேலை கிடைத்ததை மறைக்கும் தாயும் ஏமாற்றுவது ஒருவரையொருவர் அல்ல, பிள்ளையைத்தான். மாற்றம் வேண்டுபவர் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். தாமாகவே பணத்தை நிறுத்துவது பிள்ளையின் சோற்றில் கை வைப்பது. அதுபோல, பணம் வரவில்லை என்று பிள்ளையைத் தந்தையின் கண்ணில் காட்டாமல் வைப்பதும் தவறு.

ரப்பர் விலை இறங்கும். பிள்ளையின் வயது இறங்குவதில்லை. கணவன் மனைவி என்ற உறவை உடன்பாடு முடித்து வைக்கலாம். தாய் தந்தை என்ற கடமையை எந்தப் பத்திரமும் முடித்து வைக்க முடியாது. ஆகவே பிள்ளைக்கான தொகையை அதன் தேவைக்கும் பெற்றோரின் உண்மையான நிலைக்கும் ஏற்பத் திருத்துவது வாக்கு மீறுவது ஆகாது; பெற்றபோதே கொடுத்த வாக்கைக் காப்பதாகும்.