நான் யோசேப்பு அல்ல, யாக்கோபு!



இந்த மாதச் செய்தியை மிகுந்த பாரத்தோடே எழுதுகிறேன். இது பிரசங்கம் மாத்திரம் அல்ல, என்னுடைய பாவ அறிக்கையும்கூட. பொறுமையாய் வாசியுங்கள்.

என் சாட்சியை நம் சபையின் பிரசங்க பீடத்தில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். 1984-ம் வருஷம், எனக்கு ஆறு வயது. இலங்கையில் மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் குடும்பம் புறப்பட்டது. அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்பு இந்தக் கோத்தகிரி மலைக்கு வந்து சேர்ந்தோம். "எங்க பெரியப்பா அப்பாவோட சேமலாபக் காசை அமுக்கிக்கிட்டு, எங்களை வெறுங்கையாக் கப்பல் ஏத்திட்டார். யோசேப்பை அண்ணன்மார் குழியில் போட்ட மாதிரிப் போட்டார். ஆனா கர்த்தர் கைவிடலை!" என்று நான் சொல்வேன். நீங்களும் "அல்லேலூயா" என்பீர்கள்.

அது அப்பா எங்களுக்குச் சொன்ன கதை. 2009-ல் மரிக்கும்வரை அவர் பெரியப்பாவுக்கு ஒரு கடுதாசி போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

ஒரே வயிறு, இரண்டு பாஸ்போர்ட்

நம் சபையில் பாதிப்பேர் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள். உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வாலிபப் பிள்ளைகள் அறிய வேண்டும். 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மலையகத்தில் நாடற்றவர்களாய் இருந்தவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974-ல் சரிபாதியாய்ப் பிரித்தார்கள். கொழுந்து பறித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவுக்கு இந்தியா, பெரியப்பாவுக்கு இலங்கை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு தேசத்தார் ஆனார்கள். அந்தக் கோச்சியை அம்மா "அழுகைக் கோச்சி" என்றுதான் சொல்லுவார்.

குளிரில் ஒரு பயணம்

2025 ஜனவரியில் கர்த்தர் வாசலைத் திறந்தார். பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். "போய் மன்னித்துவிட்டு வருகிறேன்" என்று உங்களிடம் ஜெபிக்கச் சொல்லிப் போனேன். கவனியுங்கள், மன்னிப்புக் கேட்க அல்ல, மன்னிக்கப் போனேன்! பைக்குள் யோசேப்பைப் பற்றிய பிரசங்கக் குறிப்பும் இருந்தது.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். கொழும்பிலிருந்து அட்டனுக்கு ரயில். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற காலமானபடியால் ரயில் நிறையக் குல்லா போட்ட ஜனங்கள். அட்டனில் இறங்கும்போதே குளிர் காதைப் பிடித்தது. கோத்தகிரிக் குளிரில் வளர்ந்த எனக்கே பல் அடித்தது. நோர்வுட் வழியாய் பஸ். இருட்டிவிட்டது. தூரத்தில் மலை உச்சிவரை வரிசையாய் விளக்குகள். ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த அதே விளக்குகள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

நான் பிறந்த லயம் அப்படியே நிற்கிறது. எங்கள் காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அடுத்த காம்பராவில் பெரியப்பா. கறுப்புக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டு, "தம்பி குரல் மாதிரியே இருக்கே... வா மகன்" என்றார். பெரியம்மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வைத்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் நான் ஆரம்பித்தேன். "பெரியப்பா, அப்பாவோட காசு விஷயமா என் மனசுல எதுவும் இல்ல. ஆண்டவர் எங்களை நல்லா வச்சிருக்கார். நான் உங்களை மன்னிச்சிட்டேன்."

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பெரியம்மாதான் எழுந்துபோய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, உள்ளேயிருந்து ஒரு பழைய கடுதாசியை எடுத்து என் கையில் தந்தார்கள். மண்டபத்திலிருந்து அப்பா எழுதியது. அவருடைய கோணல் எழுத்தை நான் அறிவேன். சேமலாபக் காசு முழுவதையும் மண்டபத்தில் ஒருவனை நம்பிக் கொடுத்து ஏமாந்துவிட்டாராம். தோட்டத்துக் கடையில் அம்மாவின் வைத்தியத்துக்காக வாங்கிய கடனுக்குப் பெரியப்பாதான் ஜாமீன். அதை எப்படியாவது அண்ணன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சி எழுதியிருந்தார்.

"அஞ்சு வருஷம் கட்டினோம்" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் சொன்னார்கள்.

பெரியப்பா கேட்டார்: "சாகும்போது தம்பி என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா மகன்?"

பிரியமானவர்களே, ஒரு நல்ல பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "உங்களைத்தான் தேடினார்" என்று சொல்லியிருக்கலாம். ஆவியானவர் தடுத்தார். "கடைசி வரைக்கும் கோபமாவே இருந்தார், பெரியப்பா" என்றேன்.

வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அது கோபம் இல்ல மகன், வெக்கம். கடன்பட்டவன் எப்படிக் கடுதாசி போடுவான்?"

அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கியவன். அந்த இரவில் யார் யாருக்குப் பிரசங்கம் பண்ணினார் என்று நீங்களே சொல்லுங்கள்!

ஏசாவின் முன்னால்

அன்று இரவு குளிரில் தூக்கம் வரவில்லை. ஆதியாகமம் 32, 33 அதிகாரங்களை எடுத்தேன். யாக்கோபு அண்ணனை ஏமாற்றி ஓடிப்போனவன். லாபானிடத்தில் 20 வருஷம் இருந்துவிட்டுத் திரும்புகிறான். ஏசா 400 பேரோடு வருகிறான் என்றதும் பயந்து, ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று மந்தை மந்தையாய் முன்னே அனுப்புகிறான். ஏழுதரம் தரையில் விழுகிறான். ஏசாவோ ஓடிவந்து தம்பியைத் தழுவிக்கொள்கிறான். தன்னிடத்தில் வேண்டியமட்டும் இருக்கிறது என்று சொல்லி முதலில் மந்தையை மறுக்கிறான்.

33:11-ல் யாக்கோபு அண்ணனை வருந்திக் கேட்டுக்கொள்கிற இடத்தில் எபிரெயுவில் இருக்கிற வார்த்தை 'ஆசீர்வாதம்'. 27-ம் அதிகாரத்தில் அவன் தந்திரமாய்ப் பறித்துக்கொண்டதும் அதே ஆசீர்வாதம்தான். பறித்ததை அவன் கையில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தான். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தேன், லயத்தில்தான் விளங்கிற்று.

இத்தனை வருஷமும் நான் யோசேப்பு என்று நினைத்தேன். கர்த்தரோ, "நீ யாக்கோபின் வீட்டான்" என்று உணர்த்தினார். விடியற்காலம் பெரியப்பாவின் காலைப் பிடித்தேன். கொண்டுபோன பணத்தைக் கொடுத்தேன். "எனக்கு என்னத்துக்கு?" என்றார். விடவில்லை. கடைசியில் பெரியம்மா, "சரி, இஸ்தோப்பு ஒழுகுது, தகரம் வாங்குவோம்" என்று வாங்கிக்கொண்டார்கள்.

தேவ ஜனமே, இப்போது உங்களிடத்தில் அறிக்கை செய்கிறேன். பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவது, பொய்ச்சாட்சி கூடாது என்பது. நான் சாட்சி என்ற பேரிலே ஒரு நிரபராதியின்மேல் பொய்ச்சாட்சி சொன்னேன். தெரியாமல் சொன்னேன் என்பது உண்மை. ஆனால் ஒரு கடுதாசி போட்டு விசாரித்திருக்கலாமே! அந்தக் கதை எனக்கு வசதியாய் இருந்தது. நான் நல்லவனாய்த் தெரிய ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். என்னை மன்னியுங்கள். நான் சொன்னதைக் கேட்டு வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், அவர்களிடமும் திருத்திச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு யோசேப்புக் கதை எது? "அண்ணன் நிலத்தைப் பறிச்சான்", "நாத்தனார் நகையை அமுக்கினா" என்று உங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லி வளர்க்கிறீர்கள்? அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் பக்கத்துக் கடுதாசியை வாசித்தீர்களா? மத்தேயு 5:23, 24-ல் ஆண்டவர் என்ன சொல்லுகிறார்? நமக்கு யார்மேல் குறை என்பதை அல்ல, நம்மேல் யாருக்குக் குறை உண்டு என்பதை நினைக்கச் சொல்லுகிறார். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலாவது போய் ஒப்புரவாகச் சொல்லுகிறார். எழுப்புதல் வேண்டும் என்று இராமுழுவதும் ஜெபிக்கிறோம். எழுப்புதல் சில வேளை ஒரு பஸ் டிக்கெட்டில் ஆரம்பிக்கும்!

அடுத்த கர்த்தருடைய பந்திக்கு முன், ஒரு போன் பண்ணுங்கள்; ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். பெரியப்பா இன்னும் ஆண்டவரை அறியவில்லை. ஆனாலும் ஆண்டவருடைய குணத்தை அவரிடத்தில் கண்டேன். அவருக்காகவும், எனக்காகவும் ஜெபியுங்கள்.

உங்களைப் பிரித்த கடல் எவ்வளவு ஆழமானாலும், சமாதானத்தின் தேவன் அதின் நடுவே வழி உண்டாக்குவாராக! ஆமென்.

உங்களுக்காய் ஜெபிக்கும்,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்