தேவையும் மறுக்கும் உரிமையும்: இல்ல வண்டிப் பயணியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மனிதனுக்கு எவை தேவை என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். உணவும் நீரும் உறையுளும் தேவை என்பதில் எவரும் முரண்படார். ஆனால் காலத்துக்குக் காலம் புதிதாகத் தோன்றும் கருவிகளைப் பொறுத்தவரை இவ்வினா எளிதில் விடை பெறுவதில்லை. நேற்று ஆடம்பரமாக இருந்த ஒன்று இன்று வசதியாகி, நாளை இன்றியமையாததாகி விடுகின்றது. இம்மாற்றத்தைத் தீர்மானிப்பது கருவியைக் கையாளும் மனிதனின் உள்ளமா, அவன் வாழும் சமுதாயத்தின் அமைப்பா? பொதுப்பட ஆராய்வதிலும் ஒரு குறித்த எடுத்துக்காட்டின் வழி இதனை ஆராய்வது தெளிவு தரும்.

ஐக்கிய அமெரிக்காவில் 'ஆர்.வி.' என வழங்கும் இல்ல வண்டிகளில் நெடுவழி செல்வோர் பலர். படுக்கை, அடுப்பு, நீர்த்தாங்கி ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட அவ்வண்டி, ஒரு சிறு வீட்டைச் சக்கரங்களின்மீது ஏற்றிவைத்தாற் போன்றது. கோடையில் தேசியப் பூங்காக்களைக் காணப் புறப்படும் குடும்பத்தினரும், ஓய்வுபெற்றபின் ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்வோரும் அவர்களுள் அடங்குவர். குளிர்காலத்தில் அரிசோனா மாநிலத்தின் குவாட்சைற் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பாலைநிலத்தில் இத்தகைய வண்டிகள் பெருந்தொகையாக வந்து தங்குவது வழக்கம். இப்பயணிகளுக்குத் திறன்பேசியும், மாதந்தோறும் பணஞ் செலுத்திப் பெறும் இணையத் தரவுச் சேவையும் தேவைதானா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது செலவுக் கணக்கொன்றாகவே தோன்றும். ஆயின், பிணிப்புகளைத் தளர்த்தவெனப் புறப்பட்ட ஒருவர் மிக வலிய பிணிப்பொன்றைச் சட்டைப்பையில் இட்டுச் செல்லலாமா என்னும் ஒழுக்கவியல் வினா அதனுள் அடங்கியுள்ளது.

'தேவையில்லை' என்போர் தரப்பில் வலுவான மரபொன்று உண்டு. கிரேக்க மெய்யியலாளரான எப்பிகூரஸ் மனித விருப்பங்களை மூவகைப்படுத்தினார்: இயல்பானவையும் இன்றியமையாதவையும், இயல்பானவையெனினும் இன்றியமையாதன அல்லாதவை, இயல்பும் இன்றியமையாமையும் அற்ற வீண் விருப்பங்கள். முதல்வகையோடு நிறைவு காண்பவனே அமைதியுறுவான் என்பது அவர் கொள்கை. சிறுவனொருவன் கையால் நீரள்ளிப் பருகுவதைக் கண்ட டயோஜனிஸ் தன்னிடமிருந்த கிண்ணத்தையும் எறிந்தான் என்பது வழிவழி வரும் கதை. இவ்வளவையின்படி திறன்பேசி முதல்வகையுள் அடங்காது. அமெரிக்க மண்ணிலேயே இம்மரபுக்குப் பெயர் பெற்றவர் ஹென்றி டேவிட் தோறோ. 1845ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி வோல்டன் குளக்கரையில் தாமே அமைத்த குடிலிற் குடியேறிய அவர், ஈராண்டுகளுக்கு மேலாக அங்கே எளிமையாக வாழ்ந்தார்.

எனினும் இச்சான்றுகளைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். தோறோவின் குடில் கொங்கோட் ஊரிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தது. அவர் அடிக்கடி ஊருக்குச் சென்றார், விருந்தினரை வரவேற்றார், குளத்தின் அருகே புகையிரதமும் ஓடிற்று. எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் படுக்கை வசதி பொருத்திய வண்டியொன்றில் தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். 1962இல் வெளிவந்த அவரது பயண நூல் இல்ல வண்டிப் பயணிகள் பலர் போற்றும் நூலாகும். தனிமையை நாடிச் சென்ற அவரும் வாரத்துக்கு மும்முறை வழியோரக் கடைகளிலிருந்து நியூயோர்க்கிலிருந்த தம் இல்லத்துடன் தொலைபேசியிற் பேசியதை அந்நூலிற் குறிப்பிட்டுள்ளார். ஆகவே தொடர்பை முற்றாக அறுத்தல் இம்மரபின் உண்மையான இயல்பன்று. எப்பொழுது தொடர்பு கொள்வது என்பதைத் தாமே தீர்மானித்தமையே அவர்களது சுதந்திரமாயிற்று.

இங்கு மற்றோர் உண்மையும் புலனாகின்றது. ஸ்ரைன்பெக் தொலைபேசியைக் காவிச் செல்லவில்லை. வீதி அவருக்காக அதனை வைத்திருந்தது. அவ்வீதி இன்றில்லை. 1999இல் ஐக்கிய அமெரிக்காவிற் சுமார் 21 இலட்சம் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் தொகை ஓர் இலட்சத்துக்கும் கீழாகக் குறைந்தது. நியூயோர்க் மாநகர் தனக்குரிய பொதுத் தொலைபேசிகளுள் இறுதியானதை 2022 மே மாதத்தில் அகற்றியது. அதே ஆண்டில் யூற்றா மாநிலத்து ஆச்சஸ் தேசியப் பூங்கா, கூட்டம் மிகுந்த மாதங்களில், நேரங் குறித்து முன்பதிவு செய்த வண்டிகளை மட்டும் பகற்பொழுதில் உள்ளே விடும் முறையை மேற்கொண்டது. காலையில் எழுந்து மனம்போன திசையிற் செல்பவருக்கு இத்தகைய வாயில்கள் எளிதில் திறப்பதில்லை. வேறு சில பூங்காக்கள் 2023இல் காசு பெறுவதை நிறுத்தி, வங்கி அட்டையையும் மின்வழிக் கொடுப்பனவையும் மட்டுமே ஏற்கத் தொடங்கின. இன்னும், பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2022இல் தமது மூன்றாந் தலைமுறை வலையமைப்புகளை மூடியபோது, பழுதின்றி இயங்கிய பழைய கருவிகள் பல பயனற்றுப் போயின. அவற்றை வைத்திருந்தோர் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் அவர்களது தேவை மாறிவிட்டது.

எனவே தேவை என்பது தனிமனித உள்ளத்துள் மட்டும் பிறப்பதன்று. அடம் சிமித் 1776இல் வெளியிட்ட தமது பொருளியல் நூலில் இதனை உணர்த்தியுள்ளார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் லினன் துணியின்றி நன்றாகவே வாழ்ந்தனர். ஆயின் தம் காலத்து ஐரோப்பாவிற் பெரும்பாலும் நாட்கூலியாளன்கூட லினன் சட்டையின்றிப் பொதுவிடத்திற் தோன்ற நாணுவான். ஆகவே அச்சட்டை இன்றியமையாப் பொருள்களுள் ஒன்று என்றார் அவர். சிமித் வழக்கத்தின் வலிமையைக் கண்டார். இவான் இலிச் 1973இல் எழுதிய நூலொன்றில் அதனினும் கடுமையான நிலையைச் சுட்டினார். மோட்டார் வண்டிக்கெனவே நகரம் அமைக்கப்பட்டபின் நடந்து செல்பவனுக்கு அங்கே இடமில்லாது போகின்றது. ஒரு கருவி தன்னைப் பயன்படுத்தாதோரின் வழியையும் அடைத்துவிடும் இந்நிலையை அவர் ஒருவகை ஏகபோகமாகக் கருதினார். நாணத்தைத் துணிந்தவன் வெல்லலாம். அகற்றப்பட்ட தொலைபேசியை எத்துணிவாலும் மீட்க இயலாது.

'தேவை' என்போர் முதன்மையாகக் காட்டும் நியாயம் பாதுகாப்பாகும். இந்நியாயம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. 2006 நவம்பரில் ஒறிகன் மாநில மலைப்பாதையொன்றிற் குடும்பமொன்று காரோடு பனியிற் சிக்கிற்று. அவ்விடத்தில் அவர்களது தொலைபேசியால் எவரையும் அழைக்க முடியவில்லை. எனினும் அது தொலைவிலிருந்த கோபுரமொன்றுடன் கணநேரம் தொடர்புற்ற பதிவு, தேட வேண்டிய பகுதியைக் குறுக்க உதவிற்று. தாயும் இரு பிள்ளைகளும் மீட்கப்பட்டனர். உதவி தேடி நடந்து சென்ற தந்தை உயிரிழந்தார். வழியிற் காணாமற் போகும் ஒருவர் தமக்கு மட்டும் இடர் விளைவிப்பதில்லை. அவரைத் தேடிப் புறப்படுவோரும், வீட்டிற் காத்திருப்போரும் அவ்விடரிற் பங்கு கொள்கின்றனர். ஆதலின் 'என் உயிர், என் விருப்பம்' என்னும் வாதம் ஒழுக்கவியல் நோக்கில் நிறைவுடையதாகாது.

ஆயினும் இந்நியாயம் எதனை நிறுவுகின்றது, எதனை நிறுவவில்லை என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். கருவி வேறு, தரவுச் சேவை வேறு. திறன்பேசி தான் நிற்குமிடத்தைச் செய்மதிகளிலிருந்து பெறும் சமிக்ஞைகளைக் கொண்டு அறியும்; அதற்குத் தரவுச் சேவை வேண்டுவதில்லை. நிலப்படங்களை முன்கூட்டியே அதனுட் பதிந்து வைக்கலாம். கட்டணத் திட்டம் எதுவுமற்ற கைத்தொலைபேசியிலிருந்து வரும் 911 அவசர அழைப்பையும் நிறுவனங்கள் அனுப்பிவைத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மறுபுறம், கோபுரம் எட்டாத பள்ளத்தாக்கில் மிக விலையுயர்ந்த தரவுத் திட்டமும் பயன் தராது. மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் நிர்வாகமே வழிகாட்டும் கருவிகளை மட்டும் நம்பி வரவேண்டாமெனப் பயணிகளை எச்சரிக்கின்றது. செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுதல், தாளில் அச்சிட்ட படத்தை உடன்கொள்ளுதல், போதிய நீர் வைத்திருத்தல் என்பன பிறர்பாலுள்ள கடமையின் பெரும்பகுதியை நிறைவு செய்யும். பாதுகாப்பை முன்வைத்து இடையறாத இணையத் தொடர்பை நியாயப்படுத்துவோர், அச்சத்தைக் காட்டி வசதியை விற்பனை செய்கின்றனர் எனலாம்.

இவ்வாறு கூறுவது ஓய்வுக்காகப் பயணஞ் செய்வோருக்குப் பொருந்தும். வேறொரு சாராரும் அவ்வீதிகளில் உளர். 2008ஆம் ஆண்டளவில் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியின்பின் வீட்டை இழந்து வண்டியிற் குடியேறிய முதியோர் பலரைப் பற்றி ஜெசிக்கா புறூடர் 2017இல் நூலொன்று எழுதினார். 'நோமட்லான்ட்' என்னும் அந்நூலைத் தழுவிய திரைப்படமும் உலகறிந்தது. பண்டகசாலைகளிலும், சீனிக்கிழங்கு அறுவடையிலும், முகாமிடங்களைப் பராமரிப்பதிலும் பருவகாலத் தொழில் தேடி அவர்கள் மாநிலம் மாநிலமாகச் செல்கின்றனர். நிலையான முகவரியற்ற ஒருவருக்குத் தொலைபேசி இலக்கமே முகவரி. அடுத்த வேலையும், மருத்துவரின் தவணையும், பிள்ளைகளின் குரலும் அதன் வழியே வருகின்றன. அவரிடம் எளிமையை உபதேசிப்பது, பசித்தவனிடம் நோன்பின் சிறப்பைக் கூறுவதனை ஒக்கும். துறப்பதற்கு உரியது ஏதேனும் இருப்பவர்க்கே துறவு அறமாகும்.

இதனால், ஒரே பொருள் ஒருவருக்குத் தேவையாகவும் மற்றொருவருக்கு விருப்பமாகவும் அமைதல் கூடும் என்பது பெறப்படும். ஆயின் இவ்விருவர்க்கும் பொதுவான வினாவொன்று எஞ்சுகின்றது. தேவையை உண்டாக்கியவர் அதனைப் பெறும் வழியையும் அமைத்துக் கொடுத்தனரா? வழியோரத் தொலைபேசியையும், பூங்கா வாயிலிற் காசு பெறும் அலுவலரையும் அகற்றியபோது செலவு குறைந்தது. அச்செலவு மறைந்து விடவில்லை. ஒவ்வொரு பயணியின் மாதாந்தக் கட்டணமாக உருமாறிற்று. அதனைச் செலுத்த வல்லவர் உட்புகுவர். வல்லாதவர் வாயிலில் நிற்பர். பொதுநிலத்தைப் பொறுத்தவரை இது நீதியாகாது.

சிலருக்காகப் பழைய வழிகளையெல்லாம் என்றென்றும் பேணல் இயலுமா என வினவலாம். எல்லாவற்றையும் பேணுதல் இயலாது, அது வேண்டப்படுவதுமில்லை. குதிரை வண்டிக்கான தரிப்பிடங்களை எவரும் இன்று கோரார். ஆயின் பொது நிலத்துள் நுழைதல், இடரின்போது உதவி கோரல், இரவில் ஓரிடத்தில் தங்குதல் ஆகிய மூன்றும் பயணத்தின் உயிர்நிலைகள். இவற்றை அடைவதற்கேனும் கருவியற்றவர் செல்லத்தக்க ஒரு வழி திறந்திருத்தல் வேண்டும். வாயிலில் ஒரு பணியாளர், முகாமிடத்தில் ஒரு பொதுத் தொலைபேசி, காசும் பற்றுச்சீட்டும் ஏற்கும் ஒரு பெட்டி என்பன பேராசையான கோரிக்கைகள் அல்ல.

பயணி திறன்பேசியைக் கொண்டு செல்வது தவறன்று. பல வேளைகளில் அது பொறுப்புணர்வின் அடையாளமுமாகும். தரவுச் சேவையை வாங்குவதும் வாங்காது விடுவதும் அவரது தொழிலையும் கடமையையும் பொறுத்தவை. ஆனால் ஒரு பொருளை ஏற்பது விருப்பமென்று சொல்லப்பட வேண்டுமாயின், அதனை மறுக்கவும் இடமிருத்தல் வேண்டும். அவ்விடத்தைப் பேணும் கடமையைத் தனியொரு பயணியின் மனவுறுதியிடம் ஒப்படைத்தல் பொருந்தாது. வீதியையும் வாயிலையும் அமைப்போரே அக்கடமைக்கு உரியவராவர்.