ஏழு வயதுப் பிள்ளையின் ஏழாம் நாள்

மலேசியாவில் சிறாரும் இளையோரும் வேலைக்குப் போவது பற்றி 1966-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. பதினைந்து வயது நிறையாத பிள்ளையை ஏழு நாளில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது அது. இரவு 8 மணியிலிருந்து காலை 7 மணி வரை வேலையே கூடாது. பள்ளிக்கும் போகிற பிள்ளையானால், பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 7 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை காலை ஏழரைக்கு வகுப்பில் உட்கார்ந்து, பகல் ஒரு மணியையொட்டி வெளியே வருகிறது. அதிலேயே ஐந்தரை மணி நேரம் போய்விடுகிறது. மாலையில் திடலில் இரண்டு மணி நேரப் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் சட்டம் போட்ட வரம்பை ஓடப் போகிற பிள்ளை தாண்டிவிட்டது. போட்டி நெருங்கும் வாரங்களில் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொள்கின்றன. பயிற்சி வேலையாகாது, ஆகவே சட்டத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் எவ்வளவு நேரம், எந்த வயதில், யார் சொல்லி என்ற கேள்விகள் சட்டம் நின்ற இடத்தில் நின்றுவிடுவதில்லை. அவற்றுக்குப் பெற்றோரும் ஆசிரியரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

மலாக்காவின் தோட்டத்துத் தமிழருக்கு இது புதிய கேள்வியும் அல்ல. புக்கிட் அசகானிலும் மெர்லிமாவிலும் ரும்பியாவிலும் பால்மரம் செழித்திருந்த காலத்தில், பிள்ளைகள் தாயோடு விடிகாலையில் மரநிரைக்குப் போய்ப் பால் மங்கு துடைத்துக் கொடுத்தார்கள். செம்பனை வந்த பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளி வயது ஏழில் தொடங்கிப் பதினான்கில் முடிந்தது. பள்ளி வந்த பிறகும் மங்கு துடைப்பது உடனே நின்றுவிடவில்லை. அந்தத் தாய்மார்கள் கல்நெஞ்சக்காரர்களா? பிள்ளையின் கை சேர்ந்தால்தான் அன்றைய கூலி நிறையும் என்ற நிலையில் இருந்தவர்கள். பிள்ளையின் உடம்பைக் குடும்பத்தின் தேவைக்கு ஈடு வைப்பது அன்பின் பெயராலேயே நடக்கக்கூடும் என்பதைக் கண்ணால் பார்த்த சமூகம் இது. இன்று திடலைப் பார்க்கும்போது அந்தப் பார்வை வேண்டும்.

உடற்பயிற்சி போதாத பிள்ளைகள்தாம் நாட்டில் அதிகம் என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் இந்த வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்கிறது. தோட்டத்தில் லயத்துக்கும் கோயிலுக்கும் இடையே கிடந்த வெட்டவெளியில் சின்னதும் பெரியதுமாக எல்லாப் பிள்ளைகளும் இருட்டும் வரை விளையாடிய காலத்தில் இந்த 60 நிமிடத்தை யாரும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் ஆயர் குரோ, செங், பத்து பிரெண்டாம் பகுதிகளின் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த வெளி கூடவே வரவில்லை. வாசலில் கார், கையில் கைப்பேசி. பல பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று பெயர் போட்டு ஒருவர் கூட்டிப்போனால்தான் ஓடவே வாய்ப்பு. ஆகவே சின்னப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது பாதிப் பதில்தான். ஒழுங்குபடுத்திய விளையாட்டு வேண்டும். எந்த அளவுக்கு என்பதுதான் வழக்கு.

சிறிய தமிழ்ப்பள்ளிகளில் இந்த வழக்குக்குத் தனி முகம் உண்டு. மலாக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அலோர் காஜா, ஜாசின் மாவட்டங்களின் உட்பகுதிகளில் இருப்பவற்றில் மாணவர் தொகை சுருங்கிக்கொண்டே வருகிறது. நூறு பிள்ளைகள்கூட இல்லாத பள்ளி ஒன்று மாவட்டப் போட்டிக்கு அணி அனுப்ப வேண்டுமென்றால், ஓடத் தெரிந்த ஒரே பிள்ளை 100 மீட்டரிலும் ஓடும், 200 மீட்டரிலும் ஓடும், அஞ்சல் ஓட்டத்தில் கடைசிக் கோலையும் வாங்கும், நீளம் தாண்டும், அடுத்த வாரம் காற்பந்திலும் நிற்கும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு ஆள் போதாமல் எட்டு வயதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. பெரிய பள்ளியில் இந்தப் பாரம் இருபது பேருக்குப் பகிர்ந்துபோகும். இங்கே ஒரே முதுகில் ஏறுகிறது.

இதில் குற்றவாளியைத் தேடுவது கடினம். பாட வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், தம் சொந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மைலோவையும் ரொட்டியையும் தம் கைக்காசில் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்தான் அந்தப் பயிற்சியை நடத்துகிறார். பள்ளியின் பெயர் குருபோங் ஹங் ஜெபாட் அரங்கத்தின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று அவர் ஏங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது; ஆள் குறைந்த பள்ளி உயிரோடுதான் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் வழி அது. ஆயினும் பள்ளியின் மானத்தைக் காக்கும் கடமை ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி வந்தது? ஆசிரியரின் தியாகம் பெரிது. அந்தத் தியாகம் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை மீது அவருக்கு உரிமை தருவதில்லை.

பெற்றோர் தரப்பு வாதம் இதைவிட வலியது, அதை முழு வலிமையோடு கேட்க வேண்டும். பணமுள்ளவர் பிள்ளை ஐந்து வயதிலேயே அகாடமிக்குப் போகிறது, தோட்டத்துப் பிள்ளை பத்து வயது வரை பொறுத்திருந்தால் எப்போது எட்டிப் பிடிக்கும் என்று கேட்கிறார்கள். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்று, மருத்துவராகவும் உயர்ந்த எம். ஜெகதீசனின் பெயர் இன்னும் வீடுகளில் சொல்லப்படுகிறது. ஐந்து வயதில் மட்டையைத் தொட்ட பினாங்கு நிக்கோல் டேவிட் சுவர்ப்பந்தில் எட்டு முறை உலக வெற்றியாளரானார். ஓட்டமும் ஆட்டமும் ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனை என்று எந்தத் தகப்பனிடமும் சொல்ல முடியாது.

ஆனால் ஐந்து வயதில் தொடங்கி எட்டு முறை வென்றவரின் கதை எல்லாருக்கும் தெரிகிறது. ஐந்து வயதில் தொடங்கிப் பதினோரு வயதில் வெறுத்துப்போய் விலகியவர்களின் கதையை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. தொடங்கிய வயது ஒன்று, தொடங்கிய விதம் வேறு. ஒரு பிள்ளை ஐந்து வயதில் அக்காள்மாரோடு மட்டையைச் சுழற்றி விளையாடலாம், அட்டவணை போட்டு விரட்டப்படவும் கூடும். இரண்டும் பின்னாளில் “ஐந்து வயதில் தொடங்கினார்” என்ற ஒரே வரியாகிவிடுகின்றன.

பத்து வயதுக்கு முன் கதவு அடைபடும் என்ற அச்சத்தையும் நாட்டின் ஏற்பாடுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். கல்வி அமைச்சு 2011-இல் கொண்டுவந்த “ஒரு மாணவர் ஒரு விளையாட்டு” கொள்கை நான்காம் ஆண்டில்தான் பிள்ளையைக் கட்டாயப்படுத்தத் தொடங்குகிறது. அரசாங்க விளையாட்டுப் பள்ளிகள் பொதுவாக முதலாம் படிவத்திலிருந்துதான் மாணவரைச் சேர்க்கின்றன. 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளின் தேர்வுகளே நிறுத்தப்பட்டன. அவ்வளவு இளம் வயதில் பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டாம் என்பதுதான் காரணம். 2021-இல் ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் போயிற்று. வகுப்பறையிலிருந்து வெளியேற்றிய தரவரிசையைத் திடலில் மறுபடி நட்டுவைப்பவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

அந்த வயதில் நடக்கும் தேர்வு எவ்வளவு குருடானது என்பதற்குப் பிறந்த தேதி ஒன்றே போதும். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் ஓடுகிறார்கள். ஏழு வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்ந்த வாழ்நாளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பெரியவன் முந்துகிறான், அவனைத் திறமைசாலி என்கிறார்கள், அவனுக்கே மேலும் பயிற்சி கிடைக்கிறது. பின்தங்கியவன் ஓரமாக நின்று தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் இருக்கிறான். ஏழு வயதில் தனக்கு ஓட வராது என்று முடிவுகட்டிய பிள்ளை அதை எழுபது வயது வரை நம்பும். கடும் பயிற்சியால் களைத்த பிள்ளையை நினைத்து வருந்துகிறோம். ஒதுக்கப்பட்ட இந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததும் அதற்குக் குறைந்த தீங்கல்ல.

உடம்பின் கணக்கும் இருக்கிறது. வளரும் எலும்பின் நுனியில் உள்ள குருத்துப்பகுதி முதிர்ந்த எலும்பைவிட மென்மையானது. திரும்பத் திரும்பக் குதிப்பதும் ஓடுவதும் அதை இழுத்துப் புண்ணாக்கும். மலாக்கா வெயிலில் இறுகிப்போன திடலில், பள்ளிக் காலணியோடே ஓடுகிற பிள்ளை குதிகால் வலிக்கிறது என்று சொன்னால், அது சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. அமெரிக்காவில் நீரு ஜெயந்தி முதலான மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விளையாட்டாளர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு எளிதில் நினைவில் நிற்கும்: வாரத்தில் தன் வயதின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான மணி நேரம் பயிற்சி பெற்றவர்களுக்கும், தன்னிச்சையாக விளையாடிய நேரத்தைவிட இரு மடங்குக்கு மேல் பயிற்சியில் கழித்தவர்களுக்கும் மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் அதிகம் வந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், கடுமையையே தீமை என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளைகள் கடுமையை விரும்புகிறவர்கள். சிலம்பத்தில் ஒரு வீச்சு பிடிபடும் வரை, யாரும் சொல்லாமலே, கை சிவக்கச் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தடுப்பது அதற்குச் செய்யும் கொடுமை. அந்தப் பிள்ளை தானே கோலைக் கீழே வைத்துவிட்டு நாய்க்குட்டியைத் துரத்தப் போகலாம். யாரும் பெயர் கூப்பிட்டுக் கண்டிக்க மாட்டார்கள். நிறுத்தும் உரிமை பிள்ளையின் கையில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் அந்த உரிமை எளிதில் கிடைப்பதில்லை. ஆசிரியர் சொன்னால் மறுபேச்சில்லாமல் “சரிங்க சார்” என்று சொல்லும்படிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் தனக்குப் பிடித்திருக்கிறதா என்பதையே தீர்மானிக்கிறது. பிடிக்குமா என்று கேட்டால் தலையாட்டும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நேர்மையாகாது. தன் எல்லையைத் தானே சொல்ல முடியாத வயதுக்குப் பெரியவர்கள் தங்கள் ஆசைக்கு எல்லை போட வேண்டியிருக்கிறது.

நோர்வே 1987-இலேயே குழந்தை விளையாட்டுக்கு விதிகள் வகுத்தது. இன்றைய விதிப்படி, 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13 வயதுக்கு முன் தேசிய வெற்றியாளர் போட்டி கிடையாது. அந்தச் சின்ன நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. பனிநாட்டின் செல்வமும் வசதியும் ஜாசினில் இல்லைதான். பொறுத்திருந்தால் எல்லாம் பாழாகும் என்ற அச்சத்துக்கு மட்டும் இது பதிலாகிறது.

ஆகவே பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வாரப் பயிற்சியின் மணிக்கணக்கு அதன் வயதைத் தாண்டாமல் இருக்கட்டும். ஆறேழு வயதில் அதில் பாதியே தாராளம். வாரத்தில் இரண்டு நாள் திடலுக்கே அழைக்கக் கூடாது. வந்த பிள்ளைகள் எல்லாரும் ஆட வேண்டும், யாரையும் கழிக்கக் கூடாது. பள்ளிக்கு வெளியே பதக்கம் தேடி அனுப்புவது நான்காம் ஆண்டுக்குப் பிறகு நடக்கட்டும். பக்கத்துப் பக்கத்துச் சிறிய பள்ளிகள் சேர்ந்து பயிற்சி நடத்தினால் ஒரே பிள்ளையின் தலையில் எல்லாப் போட்டியும் விழாது. இப்படிச் செய்தால் சில கோப்பைகள் கைநழுவும். ஜிம்னாஸ்டிக்ஸ் போல மிகச் சிறு வயதிலேயே கடும் பயிற்சி கேட்கும் விளையாட்டில் ஒரு வருங்கால வெற்றியாளரை இழக்கவும் கூடும். அந்த இழப்பு உண்மையானது. அதை ஏற்றுக்கொண்டுதான் இந்த முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது, வென்ற கிண்ணங்களின் பட்டியலும் வாசிக்கப்படுகிறது. முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திடலில் நின்றார்கள், எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம்.