கரையிறங்கிய நாளும் ஓய்வின் இயல்பும்

உழைத்தார்க்கு ஓய்வு வேண்டுமென்பதை மறுப்பார் இலர். ஆயின், இன்பங் கருதி ஆற்றிற் கலமேறிச் செல்வான் ஒருவன், இடையே கரையிறங்கி, செய்யவேண்டுவது யாதுமின்றி ஒரு பகலைக் கழிப்பானாயின், அஃது ஓய்வாமோ சோம்பாமோ என்பது ஆராயற்பாலது.

மேனாட்டில் இரைன், தன்யூபு முதலிய ஆறுகளிற் கலமேறி, ஊர்தோறும் இறங்கிக் கண்டு மீளுதல் பலரும் விரும்புவதொன்று. நம் நாட்டிலும் 2023 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள், கங்கா விலாஸ் என்னுங் கலம், சுவிட்சர்லாந்து நாட்டார் 32 பேருடன் காசியினின்று திப்ருகர் நோக்கிப் புறப்பட்டது. 27 ஆறுகளின் வழியே, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், 51 நாட் செலவாக அது வகுக்கப்பெற்றது. இத்துணை நெடிய செலவன்றாயினும், தமிழ்நாட்டார்க்கு அணித்தாகத் தேக்கடியிற் படகேறுவாரும் மிகப் பலர். அவருட் சிலர் படகினின்றும் இறங்கி, குமுளி மலைவழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்து, நெல்வயல்களையும், மேகமலை அடிவாரத்து இராயப்பன்பட்டியின் திராட்சைப் பந்தர்களையும் கண்டு, பொழுது போக்கி மீள்கின்றனர்.

அற்றேல், ஒன்றுஞ் செய்யாது வாளா இருக்கும் அந்நாளே பெரியோர் போற்றிய சும்மா இருத்தலாம் எனின், அன்று. சும்மா இருத்தலாவது தற்போதம் அடங்கித் திருவருள்வழி நிற்றல். உடல் ஓய்ந்திருப்பினும் உள்ளம் அவாவின்வழித் திரியுமாயின், அது சும்மா இருத்தல் ஆமாறில்லை.

ஆன்மா எதனையுஞ் சாராது தனித்து நிற்பதன்று. படிகம்போலச் சார்ந்ததன் வண்ணமாவது என்பது சித்தாந்தத் துணிபு. தொழில் ஒழிந்தவழியும் சார்பு ஒழிவதில்லை. ஆகலின், ஓய்வு நன்றோ தீதோ என வினாவுதலினும், ஓய்ந்த உள்ளம் எதனைச் சார்ந்தது என வினாவுதலே முறையாம்.

ஒரே பந்தர்க்கீழ் இருவர் நிற்கின்றனர் எனக் கொள்க. ஒருவன், 'பொருள் கொடுத்து வந்தேன். காண்பன யாவும் என்பொருட்டே அமைந்தன' என எண்ணுகின்றான். அவன் சார்ந்தது யான் எனது என்னுஞ் செருக்கையே; அந்நாள் அவனுக்கு ஆணவத்தை வளர்த்த நாள். மற்றையோன், 2023 இற் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சைக் குலையைக் கண்டு, கொடியைக் கவாத்துச் செய்து கட்டிய கையை நினைக்கின்றான். வயலிற் பாயும் நீரைக் கண்டு, மேற்கே ஓடிய பெரியாற்றை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து, 1895 இல் கிழக்கே திருப்பிய முயற்சியையும், அதன்கட் காய்ச்சலால் உயிர்துறந்த தொழிலாளரையும் நினைக்கின்றான். தான் ஓய்ந்திருக்கப் படகோட்டி ஓயாது நின்றமையும் உணர்கின்றான். யாவர்க்கும் முன்னதாகிய மழை எவர் முயற்சியானும் வந்ததன்று எனக் காணுங்கால், அவனுள்ளம் திருவருளைச் சார்கின்றது.

இவ்வுணர்வு நினைவளவில் நின்றொழியின் பயனில்லை. கூலியாளிடம் பணிந்த சொல்லும், உழவன் கேட்கும் நேரிய விலையைக் குறையாது கொடுத்தலும், கீழுள்ள ஊரார் பருகும் நீரில் குப்பி முதலிய கழிவுகளை எறியாமையும் அதன் அடையாளங்களாம். இவையின்றி இயற்கையழகை வியத்தல் கண்ணுக்கு விருந்தாவதன்றி உயிர்க்கு உறுதி பயவாது.

திருக்கொள்ளம்புதூரில் ஆற்றுவெள்ளத்திற்கு அஞ்சி ஓடக்காரர் ஓடங்களை விட்டகன்ற காலத்து, திருஞானசம்பந்தப் பெருமான் அடியாரையும் உடனேற்றிப் பதிகம் பாடி அக்கரை சேர்ந்து, இறைவனைத் தொழுதனர். அந்நிகழ்ச்சி அத்தலத்தில் ஓடத்திருவிழாவாகக் கொண்டாடப்பெறுகின்றது. பெருமான் தாம் மட்டுங் கடந்திலர். கரை சேர்ந்ததும் வழிபாட்டின்பொருட்டே என்பது ஈண்டு அறியத்தக்கது.

பிறவியாகிய பேராற்றில் எண்ணிலா உடம்புகளாகிய கலங்களிற் போந்த உயிர்க்கு, மானுடப் பிறப்பும் ஒருநாட் கரையிறக்கமே. மாலையிற் கலம் அழைக்கும். கண்டன யாவும் கரையிலேயே நிற்கும். சார்ந்தது ஒன்றே உடன்வரும். ஆதலின், கிடைத்த ஓய்வை யாதினும் சார்த்துவது என்பதைப் பொழுதுள்ளபோதே ஓர்ந்துகொள்க.