பலனும் விளைவும்

ஹைதராபாத், சிகந்தராபாத் என்னும் இரட்டை நகரங்களின் வடபுறத்தில் உள்ள போலாரம், பழைய இராணுவக் குடியிருப்புப் பகுதி. குடியரசுத் தலைவர் தெற்கே வரும்போது தங்கும் 'ராஷ்டிரபதி நிலையம்' அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ இதே பெயரில் இன்னொரு பொல்லாரமும் உண்டு. முன்பு மேதக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்போது சங்காரெட்டி மாவட்டத்தில் அடங்கும் தொழிற்பேட்டை அது. வெளியூரிலிருந்து வருவோர் இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவதுண்டு. முதலாவதில் தோட்டமும் நிழலும் உண்டு. இரண்டாவதில் கொதிகலன்களும், இரசாயன வாடையும், இரவுப் பணிக்குச் செல்வோரின் பேருந்துகளும் உண்டு. தொழில் தொடங்கியவர்கள் எத்தனை இரவுகள் உறங்காமல் கழித்தார்கள் என்பதை இந்த இரண்டாவது பொல்லாரத்திடம்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தொழில்கள் இங்கே வேர்கொண்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மத்திய அரசின் ஐ.டி.பி.எல். நிறுவனம் சோவியத் நாட்டின் உதவியோடு ஹைதராபாத்தில் மருந்து ஆலை ஒன்றை நிறுவியது. இரசாயனமும் பொறியியலும் கற்ற இளைஞர்கள் பலர் அங்கே தொழில் பழகினர். 1970-ல் இயற்றப்பெற்று 1972-ல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கே உரிமை வழங்காமல் அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் உரிமை வழங்கியது. அயல்நாட்டு நிறுவனம் அதிக விலைக்கு விற்ற ஒரு மருந்தை, வேறொரு வழியில் இங்கேயே செய்து மலிவாகத் தரச் சட்டம் இடம் கொடுத்தது. ஐ.டி.பி.எல்-லில் பயின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறிச் சொந்தத் தொழில் தொடங்கினர்.

அவர்களில் ஒருவர் டாக்டர் அஞ்சி ரெட்டி. குண்டூர் மாவட்டத்துத் தாடேபல்லியில் மஞ்சள் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். புனேயின் தேசிய இரசாயன ஆய்வகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். ஐ.டி.பி.எல்-லில் சுமார் ஆறு ஆண்டுகள் பணியாற்றியபின் 1970-களின் நடுவில் அந்த வேலையை விட்டார். பங்குதாரர்களோடு சேர்ந்து இரண்டு நிறுவனங்களில் உழைத்தார். பிறகு 1984-ல், சுமார் 25 லட்ச ரூபாய் மூலதனத்தில் டாக்டர் ரெட்டீஸ் லேபரட்டரீஸ் தொடங்கியது. அதன் ஆலைகளில் சில பொல்லாரத்தில் உள்ளன. இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் மெத்தில்டோபா அதன் முதல் மருந்துகளுள் ஒன்று.

இத்தகைய வரலாற்றைப் படிப்பவர் பெரும்பாலும் துணிவையே வியக்கிறார். மாதம் தவறாமல் வந்த சம்பளத்தை விட்டுவிட்டுத் தெரியாத கடலில் இறங்கினாரே என்று போற்றுகிறார். துணிவு வேண்டியதுதான். எனினும் அது ஒருநாள் செயல். ராஜினாமாக் கடிதத்தை ஒருமுறை எழுதினால் போதும். அதற்குப் பின் வரும் ஆயிரக்கணக்கான நாட்கள்தாம் மனத்தைச் சோதிக்கின்றன. ஒரு 'பேட்ச்' மருந்து தரச் சோதனையில் தவறிவிடுகிறது. சரக்கு வாங்கியவர் பணம் அனுப்பவில்லை. சம்பள நாள் நெருங்குகிறது. வங்கி மேலாளரிடம் "எல்லாம் சரியாக நடக்கிறது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலாளர் அஞ்சக்கூடாது என்பதற்காக அவர்களிடமும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் மனைவியும் முதிய பெற்றோரும் கேட்டால், அங்கும் அதே பதில். சூது அறியாத நேர்மையான மனிதர் ஒருவர், ஒரே நாளில் மூன்று இடங்களில் மூன்று முகங்களோடு நிற்க நேர்கிறது. தொழில் தொடங்குபவரின் தனிமை என்று சொல்லப்படுவது இதுதான். உண்மையைச் சொல்வதற்கு அவருக்கு ஓர் இடம் இல்லாமற் போகிறது. பணக்கவலையைக்கூடத் தாங்கிவிடலாம், இதைத் தாங்குவது அரிது.

அமெரிக்காவில் மனநல மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட 242 தொழில்முனைவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் குறைக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். தொழில் மனத்தைக் கெடுக்கிறதா, அல்லது அமைதியற்ற மனமே தொழிலை நாடுகிறதா என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்து வைக்காது. சுமை மெய்யானது என்பதற்கு அது சான்று, அவ்வளவே. அந்தச் சுமையால் நோயுற்றவர் மருத்துவரை நாடுவதே முறை. தத்துவம் மருந்துக்கு மாற்றாகாது என்பதைச் சமய நூல் கற்றோர் சிலர் மறந்துவிடுகின்றனர்.

ஆனால் நோய் வருமுன் கட்டிக்கொள்ளும் ஒரு முடிச்சு இருக்கிறது. அது தத்துவத்தின் எல்லைக்குள் வருவது. தொழிலைத் தொடங்கியவர் சிறிது சிறிதாகத் தம்மையும் தொழிலையும் ஒன்றாக்கிக்கொள்கிறார். அது வென்றால் தாம் வென்றவர். தோற்றால் தாம் தோற்றவர். 'என் தொழில்' என்பது 'நானே தொழில்' என்று மாறிவிடுவது அவருக்கே தெரிவதில்லை. 'காஃபி டே' கடைகளை நிறுவிய வி. ஜி. சித்தார்த்தா 2019 ஜூலையில் மறைந்தபோது, அவர் எழுதியதாக வெளியான கடிதம் நாட்டை உலுக்கியது. பெருங்கடனையும் அதன் நெருக்கடியையும் சொல்லும் அக்கடிதம், தொழில்முனைவராகத் தாம் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்ளும் குரலில் இருந்தது. ஒருவரது துயரத்தை வெளியே நின்று எடைபோடும் தகுதி எவருக்கும் இல்லை. ஆயினும் அதன்பின் நடந்ததைக் கவனிக்கலாம். 2020 டிசம்பரில் அவருடைய மனைவி மாளவிகா ஹெக்டே நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். கடைகள் பல மூடப்பட்டன, சொத்துகள் விற்கப்பட்டன, கடன் பெருமளவு குறைக்கப்பட்டது. இடர்கள் ஓயவில்லை. ஆனாலும் மனிதர் வேறு, தொழில் வேறு என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. அந்த வேறுபாடு அவர் கண்ணுக்கு முன்னமே தெரிந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கவே பலனில் பற்று வையாதே என்று கீதை போதிக்கிறது. உழைப்பு உன்னுடையது, பலன் உன் கையில் இல்லை என்னும் இந்த அறிவுரையைக் கேட்டுப் பலர் புன்னகைப்பர். இலாபத்தைக் கருதாமல் எவரேனும் தொழில் தொடங்குவாரா என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. ஆனால் பற்றின்மை என்பது இலக்கின்மை அன்று. எய்பவன் குறியை நன்றாகவே பார்க்கிறான். அம்பு விலகினால் தானும் இல்லாமற்போய்விட்டதாக மட்டும் எண்ணுவதில்லை.

அஞ்சி ரெட்டியின் வாழ்விலேயே இதற்கு ஒரு காட்சி உண்டு. பிறர் கண்டறிந்த மருந்துகளை மலிவாகச் செய்வதோடு அவர் நிற்க விரும்பவில்லை. இந்தியாவிலேயே ஒரு புதிய மருந்தைக் கண்டறிய வேண்டும் என்னும் கனவோடு 1993-ல் ஆராய்ச்சி அமைப்பு ஒன்றை நிறுவினார். அங்கே உருவான நீரிழிவு மருந்து மூலக்கூறுகளை டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் உரிமம் பெற்றுச் சோதித்தது. நாடே பெருமை கொண்டது. 2002-ல், ராகாக்ளிட்டசார் என்னும் மூலக்கூறு கொடுக்கப்பட்ட ஆய்வக விலங்குகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதால் சோதனை நிறுத்தப்பட்டது. பத்தாண்டு உழைப்பு ஒரு செய்திக் குறிப்பில் முடிந்தது. அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. ஆனால் 2013 மார்ச்சில் அவர் காலமாகும் வரையில் அந்தக் கனவு மருந்து கடைக்கு வரவேயில்லை. அவருடைய தன்வரலாறு அவர் மறைந்தபின் 2015-ல் வெளியாயிற்று. 'முடிவுறாத பணி' என்னும் பொருள்படும் தலைப்பு அதற்கு.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிட அணுக்கமான நினைவு வ.உ.சிதம்பரனாருடையது. 1906-ல் அவர் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், அவர் சிறையிலிருக்கும்போதே 1911-ல் கலைக்கப்பட்டது. செக்கிழுத்த கைகளோடு அவர் 1912-ல் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழிலும் இல்லை. வறுமை மட்டும் இருந்தது. அவர் நூல்கள் எழுதினார், தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார். கப்பலோடு தம்மையும் மூழ்கவிடாத மனம் அது.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கட்டுரை இனிதாக முடிந்துவிடும். பொல்லாரம் அப்படி முடிக்க விடுவதில்லை.

பட்டான்சேரு, பொல்லாரம் வட்டாரத்தில் ஆலைகள் பெருகப் பெருக, அவற்றின் கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் இறங்கியது. மஞ்சீரா ஆற்றில் கலக்கும் நக்கவாகு ஓடை நிறம் மாறியது. கிணறுகள் கெட்டன, வயல்கள் தரிசாயின. 1990-ல் பொதுநல வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. உழவர்களுக்கு இழப்பீடும் கிராமங்களுக்குக் குடிநீரும் வழங்க நீதிமன்றம் ஆணையிட வேண்டி வந்தது. வழக்கு பின்னர் உயர் நீதிமன்றத்துக்கும், 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மாற்றப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. 2007-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெறும் பட்டான்சேரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்தனர். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது அதிகம். நோய்க்கிருமிகள் மருந்துக்கு அஞ்சாதிருக்கப் பழகிக்கொள்ளும் பாசறையாக நீர்நிலைகள் மாறக்கூடும் என்று உலகம் அன்று கவலைப்பட்டது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடும் மாசுற்ற தொழிற்பகுதிகளின் பட்டியலில் பட்டான்சேரு-பொல்லாரம் இடம்பெற்றது.

இது ஓர் ஆலையின் வேலையோ ஒரு மனிதரின் தீய எண்ணமோ அன்று. ஒவ்வொருவரும் தம் கழிவு சிறிதே என்று எண்ணியிருக்கக்கூடும். எண்ணியவர் பலர் என்பதால் ஓடை நிறம் மாறியது. ஆகையால்தான் இங்கே ஒரு நுட்பமான வினா எழுகிறது. பலனைப் பற்றிக் கவலைப்படாதே என்று உபதேசம் கேட்ட ஒருவர், அதைக் கொண்டே கிணற்றைப் பற்றியும் கவலைப்படாமல் இருந்துவிட முடியாதா? என் கடமை மருந்து செய்வது, மற்றது இறைவன் விட்ட வழி என்று சொல்லி நிம்மதியாக உறங்க முடியாதா? முடியும். பலர் உறங்கியும் இருக்கின்றனர்.

பலன் வேறு, விளைவு வேறு. செயலிலிருந்து செய்பவரை நோக்கித் திரும்பி வருவது பலன். இலாபம், புகழ், வெற்றி பெற்றவர் என்னும் பெயர், தோற்றவர் என்னும் அவமானம் ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். துறக்கச் சொல்லப்பட்டது அதைத்தான். செயலிலிருந்து பிறரை நோக்கிச் செல்வது விளைவு. நோயாளிக்குக் கிடைக்கும் மலிவான மாத்திரையும் விளைவே. உழவரின் கிணற்றில் இறங்கும் நஞ்சும் விளைவே. அதைத் துறக்க எந்தச் சான்றோரும் சொன்னதில்லை. பொருள் தீமை கலவாமல் வர வேண்டும் என்று வள்ளுவர் நிபந்தனை விதித்தது இதை நினைந்தே. உலக நலன் கருதிச் செயலாற்று என்று கீதை சொல்வதும் இதையே. நடைமுறையில் மனிதர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். விட வேண்டிய பலனை இறுகப் பிடித்துக்கொண்டு, பிடித்திருக்க வேண்டிய விளைவை இறைவனிடம் ஒப்படைத்துவிடுகின்றனர்.

எனவே தொழில் தொடங்கியவரின் உறக்கமின்மை முழுவதையும் ஒரே நோயாகக் கருதிக் குணப்படுத்த முயல்வது தவறு. "நான் தோற்றுவிட்டால் என்னை யார் மதிப்பார்" என்று விழித்திருக்கும் இரவு ஒன்று. தியானமும் நல்ல நண்பரும் அதைத் தணிக்கலாம், தணிக்கவும் வேண்டும். "இன்றிரவு எந்தக் குழாய் எந்த ஓடையில் திறக்கப்படுகிறது" என்று விழித்திருக்கும் இரவு வேறொன்று. அந்த இரவுக்கு அமைதி தேடுபவர், குழாயைப் போய்ப் பார்ப்பதே அமைதிக்கு வழி. தியானத்தால் அந்தக் கவலையை மட்டும் போக்கிக்கொண்டால், மனம் தெளிந்திருக்கும், கிணறு தெளிந்திராது.

ஈட்டியதில் ஒரு பகுதியை அறத்துக்குத் தந்து கணக்கைச் சமன் செய்யலாமே என்பர் சிலர். அறம் போற்றுதற்குரியது. 1998-ல் அஞ்சி ரெட்டியின் முன்முயற்சியில் உருவான நாந்தி அறக்கட்டளை பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு அளித்தது. அந்தக் குழந்தைகளின் வயிறு நிறைந்தது மெய். ஆனால் பொதுவாகவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடையைப் பெறுபவர் ஒருவர், இழப்பைத் தாங்குபவர் வேறொருவர். முன்னவரின் நன்றியைக் காட்டிப் பின்னவரின் கடனைத் தீர்க்க முடியாது. ஒருவருக்குத் தர வேண்டியதை அவரிடமே தர வேண்டும் என்பது சந்தையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த கணக்குத்தான்.

பட்டான்சேருவில் மருத்துவம் பார்த்த டாக்டர் கிஷன் ராவ், இந்த மாசுக்கு எதிரான நெடும் போராட்டத்தில் பல ஆண்டுகள் முன்னின்றார். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நேரங்களில் மனுக்களும் நீர் மாதிரிகளும் வழக்குத் தாள்களுமாக இருப்பார். அவர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டுகளில் இருந்த மாத்திரைகள் சில, சாலைக்கு அப்பாலுள்ள ஆலைகளில் உருவான மூலப்பொருளால் ஆனவையாகவும் இருந்திருக்கலாம். நோயாளிக்கு அந்த மாத்திரை வேண்டும். அது மலிவாகவும் வேண்டும். அவர் குடிக்கும் நீரும் தூய்மையாக வேண்டும். பொல்லாரத்தில் அடுத்த ஆலைக்கு இடம் பார்க்க வரும் இளைஞர், இவ்விரண்டையும் ஒரே திட்ட அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும்.